ஜாரை வீழ்த்தியது ரொட்டி வரிசையா, 1905-இல் தந்து மீறிய வாக்கா?

கரிசல் வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, ரஷ்யப் புரட்சி என்றதும் நம்மில் பலருக்கு லெனின் முகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1917-இல் ரஷ்யப் பேரரசர், அதாவது ஜார், இரண்டாம் நிக்கோலாஸ் முடி துறந்தபோது லெனின் சூரிச்சில் இருந்தார். ட்ரொட்ஸ்கி நியூயார்க்கில், ஸ்டாலின் சைபீரியாவில். இவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமலே 300 வருட ரொமானோவ் வம்சம் பத்தே நாளில் முடிந்துபோனது. அந்தப் பத்து நாளையும் அதற்கு முன்னால் நடந்ததையும் மட்டும் இங்கே பேசுவோம். அக்டோபரில் லெனின் கட்சி ஆட்சியைப் பிடித்த கதைக்குப் போக வேண்டாம், அது தனி வழக்கு.

தேதி பற்றி ஒன்று: அன்றைய ரஷ்ய நாள்காட்டி நம்முடையதைவிட 13 நாள் பின்னால் இருந்தது. அதனால்தான் நமக்கு மார்ச்சில் நடந்தது அவர்களுக்குப் 'பிப்ரவரிப் புரட்சி'. நான் ரஷ்யத் தேதியையே தருகிறேன்.

என் கட்சி இதுதான்: உலகப் போர் வராமல் இருந்திருந்தால் ஜார் விழுந்திருக்க மாட்டார். 1914-க்கு முன் அந்த நாடு வளர்ந்துகொண்டிருந்தது. தலைநகரின் மக்கள்தொகை கால் நூற்றாண்டில் ஏறத்தாழ இரண்டு மடங்காகி 20 லட்சத்தைத் தொட்டது. பிரதமர் ஸ்தொலிப்பின் காலத்தில், ஊர்ப் பொதுவில் கிடந்த நிலத்திலிருந்து விவசாயி தன் பங்கைப் பிரித்துச் சொந்தமாக்கிக்கொள்ள வழி வந்தது. 20 வருடம் அமைதி கொடுங்கள், அப்புறம் ரஷ்யாவை அடையாளமே தெரியாது என்றார் அவர். அந்த 20 வருடம் கிடைக்கவில்லை. 1911-இல் கீவ் நகர நாடக அரங்கில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மூன்று வருடத்தில் போரும் வந்தது.

போர் செய்த வேலையைப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்களைப் படைக்கு இழுத்தது. 1915-இல் போலந்து கைவிட்டுப் போனது. லட்சக்கணக்கான அகதிகள் உள்நாட்டு நகரங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். போர் தொடங்கியதுமே ஜார் வோட்கா விற்பனையைத் தடை செய்தார். எண்ணம் நல்லதுதான், ஆனால் அரசு வருமானத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அந்த வோட்காவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பற்றாக்குறைக்கு நோட்டு அடித்தார்கள். விலைவாசி மூன்று நான்கு மடங்கு ஏறியது. கையிலிருக்கும் பணத்துக்கு மதிப்பில்லை, சந்தையில் வாங்கத் துணியும் ஆணியும் இல்லை என்றால் விவசாயி எதற்குத் தானியத்தை விற்பான்? வீட்டிலேயே வைத்துக்கொண்டான். நகரத்தில் ரொட்டிக் கடை வாசலில் வரிசை நீண்டது. அந்த வரிசையிலிருந்துதான் புரட்சி தொடங்கியது.

மாறுபடுகிறவர்கள் வாருங்கள்.

---

நீலவேணி

> உலகப் போர் வராமல் இருந்திருந்தால் ஜார் விழுந்திருக்க மாட்டார்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை, வாசகன் ஐயா. 1914 ஜூலையில், போர் அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்பு, தலைநகர் பீட்டர்ஸ்பர்க் எப்படி இருந்தது? பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் பொவான்காரே விருந்தாளியாக வந்திருக்கிறார். நகரத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். வைபோர்க் என்ற ஆலைப் பகுதியில் டிராம் வண்டிகளைக் கவிழ்த்துப் போட்டுத் தடுப்பு கட்டுகிறார்கள். ரொட்டிப் பஞ்சமும் இல்லை, போரும் இல்லை. அப்படியானால் இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது?

1905-இலிருந்து வந்தது. ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. கபோன் என்ற பாதிரியார் தலைமையில் தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளோடு குளிர்கால அரண்மனையை நோக்கி நடந்தார்கள். கையில் சாமி படமும் ஜாரின் படமும். எட்டு மணி நேர வேலை, கட்டுப்படியாகும் கூலி, மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை, இவற்றைக் கேட்டு ஒரு மனு. நீதியும் பாதுகாப்பும் தேடி உங்களிடம் வந்திருக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தார்கள். ஜார் அன்று நகரத்திலேயே இல்லை. படை சுட்டது. அரசுக் கணக்கிலேயே நூற்றுக்கு மேல் சாவு. தன் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களையே சுட்ட ராஜா என்று ஆனபிறகு, நல்ல ராஜாவைக் கெட்ட மந்திரிகள் ஏமாற்றுகிறார்கள் என்ற பழைய நம்பிக்கை அந்த நகரத்தில் மறுபடி எழவே இல்லை.

அந்த வருடம் முழுவதும் வேலைநிறுத்தம், கிராமங்களில் பண்ணை வீடுகளுக்குத் தீ, பொத்தெம்கின் போர்க்கப்பலில் கலகம். அக்டோபரில் ரயில் நின்று நாடே நின்றபிறகுதான் ஜார் இறங்கி வந்தார். பேச்சுரிமை தருகிறேன், டூமா என்ற சபையின் ஒப்புதல் இல்லாமல் எந்தச் சட்டமும் செல்லாது என்று அறிக்கை விட்டார். ஆறு மாதத்தில் வந்த அடிப்படைச் சட்டங்களில் 'எதேச்சாதிகாரம்' என்ற சொல் அப்படியே இருந்தது. முதல் டூமா இரண்டரை மாதம்கூட நீடிக்கவில்லை, கலைத்துவிட்டார். இரண்டாவதை 1907 ஜூன் 3-இல் கலைத்தார். கலைத்த கையோடு தேர்தல் சட்டத்தையும் மாற்றினார். டூமாவைக் கேட்காமல் தேர்தல் சட்டத்தை மாற்றக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்! மாற்றிய பிறகு ஒரு நிலப்பிரபுவின் வாக்குக்கு முன்னால் தொழிலாளியின் வாக்கு ஒன்றுமே இல்லை என்றானது.

நீங்கள் புகழும் ஸ்தொலிப்பின்தான் அந்த வேலையைச் செய்து கொடுத்தவர். தூக்குக் கயிற்றுக்கு 'ஸ்தொலிப்பின் கழுத்துப்பட்டை' என்று பெயர் வந்ததும் அந்த வருடம்தான்.

ரொட்டி இல்லாத ஊர் வேறு எங்கும் இல்லையா? 1917-இல் பெர்லினிலும் வியன்னாவிலும் இதைவிட மோசமான பசி. அங்கே அடுத்த வருடம்வரை அரசு நின்றது. ரஷ்யாவில் முதலில் விழுந்ததற்குக் காரணம், தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் ஜார் தானே செய்துகொண்டதுதான்.

---

கரிசல் வாசகன்

ஜூலை 1914-ஐ நானும் மறக்கவில்லை, அம்மா. ஆனால் அது தலைநகரோடு நின்றது. மாஸ்கோ பெரிதாகக் கூடச் சேரவில்லை. போர் அறிவிக்கும் முன்பே அடங்கியும் போனது. வேலைநிறுத்தம் வேறு, புரட்சி வேறு.

நீங்கள் சொன்ன 1905-ஐயே எடுத்துக்கொள்கிறேன். அந்த வருடம் கிராமம், ஆலை, கப்பல், ரயில் எல்லாம் சேர்ந்து எழுந்தன. 1917-ஐவிடப் பரவலான எழுச்சி. ஆனாலும் ஜார் விழவில்லை. ஏன்? ஜப்பானோடு நடந்த போரை முடித்துப் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டார். டிசம்பரில் மாஸ்கோவில் ஆயுத எழுச்சி வந்தபோது பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து செமியோனொவ்ஸ்கி காவற்படையை அனுப்பினார். அது பீரங்கியால் அடித்து நொறுக்கியது. சொன்னதைக் கேட்கும் படை அன்று இருந்தது.

1917-இல் அந்தப் படை எங்கே? 1914-லும் 15-லும் களத்தில் செத்துப்போனது. தலைநகரில் இருந்தது அந்த ரெஜிமென்டுகளின் பெயரைத் தாங்கிய பயிற்சிப் பட்டாளம். இடம் கொள்ளாத பாசறைகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்கள். புதிதாகப் பிடித்து வந்த குடும்பஸ்தர்கள், காயம் ஆறித் திரும்பக் களத்துக்குப் போகப் பயந்து காத்திருப்பவர்கள். இவர்களை வைத்துத்தான் நகரத்தை அடக்க வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்தது போர்தானே?

---

வண்டிக்காரர்

சரக்கு வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரசியல் இரண்டு பேரும் பேசுங்கள். ரொட்டி ஏன் வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது வண்டி விஷயம்.

அந்த நாட்டில் தானியம் இல்லாமல் போகவில்லை. வோல்கா பக்கமும் தெற்கேயும் இருந்தது. பெத்ரோகிராத் (போர் வந்ததும் பீட்டர்ஸ்பர்க் என்ற ஜெர்மன் வாடைப் பெயரை மாற்றிவிட்டார்கள்) வடமேற்கு மூலையில், விளைநிலத்திலிருந்து வெகு தூரத்தில் கிடக்கும் ஊர். அமைதிக் காலத்தில் அந்த ஊர் ஆலைகளுக்கு நிலக்கரி எப்படி வந்தது தெரியுமா? பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து, பால்டிக் கடல் வழியாகக் கப்பலில். ஜெர்மனியோடு போர் என்றதும் அந்தக் கடல் வழி அடைபட்டது. இனி கரி தெற்கே தொனெத்ஸ் சுரங்கத்திலிருந்து ரயிலில்தான் வர வேண்டும். அதே தண்டவாளத்தில் படைக்குக் குண்டும் ஆளும் தீவனமும் மேற்கே போக வேண்டும். அதே தண்டவாளத்தில் நகரத்துக்கு மாவும் வர வேண்டும்.

இதோடு இன்னொன்று. போர்முனையை ஒட்டிய ரயில் பாதைகள் படையின் கையில், மற்றவை அமைச்சகத்தின் கையில். ஒரு ரேக் (வேகன் தொடர்) படையின் எல்லைக்குள் போனால் காலி வேகன் எப்போது திரும்பும் என்று இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. வண்டி ஓட்டினவனுக்குத்தான் இதன் கொடுமை புரியும். யார்டில் சரக்கு குவிந்து கிடக்கும், ஏற்ற வேகன் இருக்காது. வேகன் வேறெங்கோ ஒதுக்குப் பாதையில் தூங்கும். அந்த பிப்ரவரியில் கடுங்குளிர் வேறு. கொதிகலன் குழாய்கள் உறைந்து வெடித்து எஞ்சின்கள் நின்றன, பாதையைப் பனி மூடியது.

ஆகவே வாசகன் சொல்லும் 'போர்' என்பதும் முழுசாகச் சரியில்லை. போர் எல்லா நாட்டிலும்தான். ஒரே பாதைக்கு இரண்டு முதலாளிகள் வைத்து இரண்டரை வருடம் ஓட்டியது ஆட்சி. அந்தப் பிழை யாருடையது?

---

தேரடி

ஐயா, நான் படித்த வரை எல்லாவற்றுக்கும் காரணம் ரஸ்புதின் என்றுதான் இருக்கிறது. இங்கே யாரும் அவர் பேரையே எடுக்கவில்லையே?

---

கரிசல் வாசகன்

தம்பி, ரஸ்புதினை 1916 டிசம்பரிலேயே பிரபுக்கள் சேர்ந்து யூசுபோவ் மாளிகையில் கொன்றுவிட்டார்கள். அவர்தான் நோய் என்றால் அதற்குப் பிறகு உடம்பு தேறியிருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் ஆட்சியே போனது.

ஆனால் அவர் பெயர் செய்த கேடு உண்மை. பட்டத்து இளவரசன் அலெக்சேய்க்கு இரத்தம் உறையாத நோய். அதை அரண்மனை வெளியே சொல்லவில்லை. பிள்ளையின் உயிருக்காகத் தாய் ஒரு சாமியாரை நம்பினாள் என்று தெரிந்திருந்தால் ஜனங்கள் இரக்கப்பட்டிருக்கலாம். காரணம் தெரியாததால், ஒரு நாட்டுப்புற ஆள் மகாராணியின் அறைவரை ஏன் போகிறான் என்று ஊர் வாய் கூசாமல் பேசியது. ராணி அலெக்சாந்திரா ஜெர்மன்காரி என்பது அதோடு சேர்ந்தது. 1915-இல் ஜார் தானே தலைமைத் தளபதியாகி மொகிலேவ் முகாமுக்குப் போய்விட்டார். தலைநகரில் ராணியின் கை ஓங்கியது. ஒன்றரை வருடத்துக்குள் நான்கு பிரதமர்கள். 1916 நவம்பர் 1-இல் தாராளவாதக் கட்சித் தலைவர் மில்யுகோவ் டூமாவில் எழுந்து அரசின் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, "இது முட்டாள்தனமா, துரோகமா?" என்று கேட்டுக்கொண்டே போனார். அச்சில் வர விடவில்லை. கையால் படியெடுத்தும் தட்டச்சு செய்தும் போர்முனைவரை கொண்டுபோனார்கள்.

---

பழைய தாள்

தெருவைப் பற்றியும் அரண்மனையைப் பற்றியும் இவ்வளவு பேசுகிறீர்கள். ஜாரின் கையிலிருந்து கிரீடத்தை வாங்கியது தளபதிகள்.

மார்ச் 2 காலையைப் பாருங்கள். ஜாரின் ரயில் தலைநகருக்குப் போக முடியாமல் திசை மாறி ப்ஸ்கோவ் நிலையத்தில் நிற்கிறது. மொகிலேவில் தலைமை முகாமில் இருக்கும் ஜாரின் படைத் தலைமை அதிகாரி அலெக்செயெவ் எல்லாப் போர்முனைத் தளபதிகளுக்கும் தந்தி அனுப்புகிறார். ஜார் விலகுவதுதான் வழி என்று தோன்றுகிறது, நீங்களும் ஒத்துக்கொண்டால் அவருக்குத் தெரிவியுங்கள் என்று. புருசிலோவ், எவெர்ட், எல்லோரும் விலகச் சொல்லிப் பதில் அனுப்புகிறார்கள். ஜாரின் சித்தப்பா முறையான நிக்கோலாய் நிக்கோலாயெவிச், மண்டியிட்டு வேண்டுகிறேன் என்கிறார். ப்ஸ்கோவில் இருந்த வடக்குப் போர்முனைத் தளபதி ரூஸ்கி அந்தத் தந்திகளை ஜார் முன்னால் வைத்தார். அன்று மாலைக்குள் ஜாருக்கு மனம் முடிந்துவிட்டது. இரவு டூமாவிலிருந்து குச்கோவும் ஷுல்கினும் வந்து கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைய நாட்குறிப்பில் ஜார் எழுதியது: "சுற்றிலும் துரோகம், கோழைத்தனம், வஞ்சகம்."

பசித்தவர்கள் கூச்சல் போடலாம். தளபதிகள் சம்மதிக்காமல் எந்த மகுடமும் இறங்காது.

---

நீலவேணி

பழைய தாள், நீங்கள் மார்ச் 2-இல் தொடங்குகிறீர்கள். அந்தத் தந்திகள் எதற்காகப் போயின? பிப்ரவரி 27 இரவிலேயே தலைநகரில் ஜாரின் அதிகாரம் செத்துப்போயிருந்தது. தளபதிகள் செய்தது சான்றிதழ் எழுதியது மட்டும்தான். உயிர் போன விதத்தைச் சொல்கிறேன்.

ரொட்டி வரிசையை அந்த ஊர் மக்கள் 'வால்' என்றார்கள். விடியும் முன்பே, சில சமயம் நடுநிசியிலேயே வாலில் நிற்கத் தொடங்குவார்கள். பெரும்பாலும் பெண்கள். பத்து மணி நேர ஆலை வேலைக்கு முன்னும் பின்னும் இந்த நிற்றல். கணவன் போர்முனையில். ஜாரின் ரகசியப் போலீசே அந்த ஜனவரியில் எழுதிய அறிக்கையில், வரிசையில் நின்று களைத்த, அரைப்பட்டினிப் பிள்ளைகளைப் பார்த்து நொந்த தாய்மார்கள் மில்யுகோவ் வகையறாவைவிடப் புரட்சிக்கு அருகில் இருக்கிறார்கள் என்று எச்சரித்தது. மேலே யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 22-இல் ஜார் மொகிலேவுக்குக் கிளம்பினார். அதே நாள் புட்டிலோவ் ஆலை நிர்வாகம் கூலித் தகராறில் கதவை மூடியது, ஆயிரக்கணக்கானோர் தெருவில். மறுநாள் 23, பெண்கள் தினம் (நமக்கு மார்ச் 8). வைபோர்க் நெசவாலைப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அன்று வேலைநிறுத்தம் வேண்டாம், இன்னும் நேரம் வரவில்லை என்று அங்கிருந்த போல்ஷெவிக் அமைப்பாளர்கள் முதல்நாள்தான் சொல்லியிருந்தார்கள். பெண்கள் கேட்கவில்லை. பக்கத்து உலோக ஆலைகளின் வாசலில் போய் நின்று, ஜன்னல்கள்மீது பனி உருண்டைகளை எறிந்து ஆண்களைக் கூப்பிட்டார்கள். 'ரொட்டி' என்பதுதான் கோஷம். 24-இல் கூட்டம் இரண்டு மடங்கு. நகர மையத்துக்குப் போகவிடாமல் போலீஸ் பாலங்களை அடைத்தது. நேவா உறைந்துகிடந்த மாதம் அது. பாலத்தை விட்டுக் கரையிறங்கி, ஆற்றுப் பனிமேல் வரிசையாக நடந்து அக்கரை ஏறினார்கள். 25-இல் நகரமே நின்றது. 'எதேச்சாதிகாரம் ஒழிக' என்ற பதாகை ரொட்டியோடு சேர்ந்துகொண்டது. மூன்றே நாளில் ரொட்டியிலிருந்து ஆட்சிக்குப் போய்விட்டார்கள் பாருங்கள், வாசகன் ஐயா. பசி மட்டும் காரணம் என்றால் மாவு மூட்டையைக் கண்டதும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

25 இரவு ஜாரின் தந்தி தலைநகர்ப் படைத் தளபதி கபாலோவுக்கு வந்தது: நாளையே கலவரத்தை நிறுத்து. 26 ஞாயிறு, படை சுட்டது. ஸ்னாமென்ஸ்காயா சதுக்கத்தில் பலர் செத்தார்கள். சுட்டவர்களில் வோலின்ஸ்கி ரெஜிமென்டின் பயிற்சிப் பிரிவும் ஒன்று. அதில் கிர்பிச்னிகோவ் என்று ஒரு சார்ஜென்ட். குறியை மேலே தூக்கிச் சுடுங்கள் என்று தன் ஆட்களிடம் மெல்லச் சொன்னதாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். அன்றிரவு பாசறையில் சார்ஜென்டுகள் கூடிப் பேசினார்கள். விடிந்தால் மறுபடி தெருவுக்கு, மறுபடி பெண்களைச் சுட. போக மாட்டோம் என்று முடிவு. காலையில் கேப்டன் லஷ்கேவிச் வந்து நின்றபோது படை வழக்கமான வணக்கம் சொல்லவில்லை. 'உர்ரா' என்று கத்தியது. அவர் ஜாரின் தந்தியைக் காட்டிப் பேசிப் பார்த்தார். துப்பாக்கிக் கட்டையால் தரையைத் தட்டினார்கள். அவர் வெளியே போய் முற்றத்தைத் தாண்டும்போது குண்டு பாய்ந்து விழுந்தார்.

அந்த நிமிடத்துக்குப் பிறகு அவர்களுக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. மற்ற பாசறைகளும் சேர்ந்தால் பிழைக்கலாம், சேராவிட்டால் தூக்கு. பக்கத்துப் பிரெயோபிரஜென்ஸ்கி, லித்துவேனிய ரெஜிமென்டுகளுக்கு ஓடினார்கள். மாலைக்குள் பல்லாயிரம் சிப்பாய்கள் தெருவில். ஆயுதக் கிடங்கு மக்கள் கையில், சிறைக் கதவுகள் திறந்தாயிற்று, மாவட்ட நீதிமன்றம் எரிகிறது. இது இரத்தமில்லாத புரட்சி என்று சிலர் எழுதுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஏறக்குறைய 1,400 பேர்.

தளபதிகளின் தந்திகளுக்கு மூன்று நாள் முன்னால் நடந்தது இது.

---

தேரடி

அக்கா, கோசாக் படை மக்களை அடிக்கவில்லை என்கிறார்களே, அது நிஜமா? 1905-இல் சாட்டையால் அடித்தவர்கள் அவர்கள்தானே?

---

வண்டிக்காரர்

நிஜம் தம்பி. கூட்டத்துக்குள் குதிரையை நுழைத்தார்கள், ஆனால் சாட்டையை வீசவில்லை. 25-இல் அதே ஸ்னாமென்ஸ்காயா சதுக்கத்தில் கூட்டத்தின்மேல் பாய்ந்த போலீஸ் அதிகாரியைக் கோசாக்குகளில் ஒருவரே வெட்டிச் சாய்த்தார். அந்தச் செய்தி நகரம் முழுக்கப் பரவியது. அதற்கு மேல் ஜனங்களுக்குப் பயம் இருக்குமா?

---

கரிசல் வாசகன்

அம்மா, அந்தப் பாசறைக் காட்சியைப் படித்துச் சிறிது நேரம் எழுத ஓடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், தளபதிகள் பற்றி நீங்கள் சொல்வதே சரி. பழைய தாள் கோபிக்க வேண்டாம். அலெக்செயெவ் முதலில் கலகத்தை அடக்கத்தான் படை அனுப்பினார். ஜெனரல் இவானோவ் ஒரு பட்டாளத்தோடு, தலைநகருக்குப் பக்கத்தில் ஜாரின் அரண்மனை இருந்த ஜார்ஸ்கோயே செலோவரை போனார். அங்கே காவல் படையும் மாறிவிட்டதைக் கண்டு திரும்பினார். அடக்க முடியாது, அடக்கப் போனால் போர்முனைப் படையும் கெடும் என்று தெரிந்த பிறகே ஜாரைக் கைவிட்டார்கள்.

ஆனால் என் முதல் வாதத்திலிருந்து நான் இறங்கவில்லை. கிர்பிச்னிகோவ் 1905-இன் வாக்குறுதியை நினைத்தா அன்றிரவு விழித்திருந்தார்? மறுநாள் சுட வேண்டும், தப்பினால் களத்தில் சாக வேண்டும் என்றுதான் விழித்திருந்தார். உங்கள் பேச்சில் ஒரு சங்கிலி இருக்கிறது: மனு, சூடு, டூமா, தேர்தல் சட்டம், கோபம். அந்தச் சங்கிலி படித்தவர்களுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் பொருந்தும். கிராமத்திலிருந்து பிடித்து வந்த சிப்பாய்க்கு?

---

நீலவேணி

கிராமத்துச் சிப்பாய்க்கும் ஒரு கணக்கு இருந்தது. 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபோது, அவன் தாத்தா உழுத நிலத்துக்கே 49 வருடத் தவணை விதித்தார்கள். 1905-இல் கிராமங்கள் எரிந்த பிறகுதான் அந்தத் தவணையை நிறுத்தினார்கள். முதல் டூமாவில் விவசாயிகள் கேட்டது ஒன்றே ஒன்று, நிலம். அந்தக் கேள்வி எழுந்ததும் டூமாவையே கலைத்தார்கள். அந்த ஊர்க்காரன்தான் பாசறையில் இருந்தான்.

அப்புறம் கடைசியாக ஒன்று. ஜார் எந்த நாளில் பிழைத்திருக்கலாம் என்று பாருங்கள். பிப்ரவரி 27 இரவு, அவர் தம்பி மிகயீல் தலைநகரிலிருந்து ஹியூஸ் தந்திக் கருவியில் மொகிலேவைக் கூப்பிட்டார். மக்கள் நம்பும் ஒருவரைப் பிரதமராக்கி, அமைச்சரவை அமைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடு என்று கெஞ்சினார். ஜார் நேரில் பேசக்கூட வரவில்லை. மாற்றம் எதுவும் இல்லை, நானே வருகிறேன் என்று அலெக்செயெவ் மூலம் பதில். அதற்கு முன்பே டூமா தலைவர் ரோட்ஜியான்கோ நிலைமையைச் சொல்லி அனுப்பிய தந்தியைப் பார்த்து, அந்தக் குண்டன் மறுபடி ஏதோ உளறுகிறான் என்றார். ராணி 25-ஆம் தேதிக் கடிதத்தில், இது போக்கிரிகளின் கூச்சல், குளிர் இன்னும் கடுமையாக இருந்தால் வீட்டிலேயே கிடப்பார்கள் என்று எழுதியிருந்தார். 1895-இல், பட்டத்துக்கு வந்த சில மாதங்களிலேயே, ஆட்சியில் பங்கு கேட்ட மாகாண மன்றக்காரர்களிடம் 'அர்த்தமில்லாத கனவுகள்' என்று சொன்ன அதே மனிதர்தான் இவர். 22 வருடத்தில் ஒரு அங்குலம் நகரவில்லை.

மார்ச் 1 நள்ளிரவில், ப்ஸ்கோவில், ரூஸ்கி மணிக்கணக்கில் வாதாடிய பிறகு ஒப்புக்கொண்டார்: டூமாவுக்குப் பொறுப்பான அமைச்சரவை. 1905-இலிருந்து எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். ரூஸ்கி உடனே ஹியூஸ் கருவியில் ரோட்ஜியான்கோவைக் கூப்பிட்டுச் சொன்னார். விடியும்வரை அந்தப் பேச்சு நீண்டது. ரோட்ஜியான்கோ சொன்ன பதில்: காலம் கடந்துவிட்டது.

---

பழைய தாள்

நீலவேணி, 27-ஆம் தேதிவரை நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மகுடத்துக்கு இன்னும் ஒரு நாள் உயிர் இருந்தது. ஜார் முதலில் மகனுக்காக விலகினார். அப்புறம் நோயாளிப் பிள்ளையைப் பிரிய மனமில்லாமல் தம்பி மிகயீலுக்கு என்று மாற்றினார். மார்ச் 3 காலை, மில்லியோன்னாயா தெருவில் ஒரு வீட்டில், டூமாத் தலைவர்கள் மிகயீலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஏற்றுக்கொள் என்று மில்யுகோவ், வேண்டாம் என்று கெரென்ஸ்கி. மிகயீல் ரோட்ஜியான்கோவைத் தனியே அழைத்துப் பேசினார். தன் உயிருக்கு உத்தரவாதம் உண்டா என்றுதான் கேட்டார். இல்லை என்றார் ரோட்ஜியான்கோ. மிகயீல் மகுடத்தை ஏற்கவில்லை.

---

கரிசல் வாசகன்

அந்த வீட்டுக்கு வெளியே நின்ற சிப்பாய்களை யாராவது கட்டுப்படுத்த முடிந்திருந்தால் ரோட்ஜியான்கோ வேறு பதில் சொல்லியிருப்பார். என் நிலை அதுவே. ஆனால் மார்ச் 1-இன் அந்தத் தந்திப் பேச்சுக்கு என்னிடம் மறுப்பு இல்லை, நீலவேணி. அந்த அமைச்சரவையை 1915-இல் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோடையில் டூமாவின் பெரும்பான்மை உறுப்பினர்கள் பல கட்சிகளிலிருந்தும் சேர்ந்து கூட்டணி கட்டி அதையொத்த ஒன்றைக் கேட்டார்கள். ஜாரின் அமைச்சர்களிலேயே பலர் இணங்கிப் போகலாம் என்றார்கள். செப்டம்பரில் அவர் டூமாவையே மூடிவிட்டார். அதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். வண்டிக்காரர் ஐயா, அந்த வருடத்து ரயில் நிலைமையையும் நீங்கள் அங்கே எழுத வேண்டும்.